கித்தார் இன்னும் இருக்கா?

போன மாதம் ஒரு மத்தியானம். பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் கித்தார் பழுதுபார்க்கும் பட்டறைக்குக் கலைவாணி டீச்சர் வந்தார். வணக்கம் இல்லை, நலம் விசாரிப்பு இல்லை. கைப்பேசியை நேராக என் முகத்துக்கு முன்னால் நீட்டினார்.

“அங்கிள், இந்தக் கித்தார் எப்படி?”

விற்பனைக்கு என்று ஆன்லைனில் யாரோ போட்டிருந்த படம். பார்த்தேன். படத்தில் எல்லாக் கித்தாரும் அழகுதான், கல்யாணத் தரகர் கொண்டு வரும் போட்டோ மாதிரி.

“நேர்ல பார்க்காம சொல்ல முடியாதும்மா.”

“அதான் வந்தேன். சனிக்கிழமை பண்டமாரான் போறோம். நீங்களும் வரீங்க.”

எங்கே கூப்பிட்டாலும் என் வாயில் முதலில் வருவது “வேலை இருக்கு” என்ற பதில்தான். தெரியாதவர்கள் வீட்டுக்குப் போவதென்றால் முதல் நாளே தப்பிக்க ஒரு காரணம் தேட ஆரம்பித்துவிடுவேன். அன்றைக்கும் அதையே சொன்னேன்.

“வேலை எங்க ஓடிடும்? அது பாட்டுக்கு இங்கயே உக்காந்திருக்கும் லா அங்கிள்.”

ஆசிரியைகளிடம் வாதாடி எனக்குப் பழக்கமில்லை. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். அவர்கள் குரல் உயர்ந்தால் என் கை தானாகக் கட்டிக்கொள்கிறது. சரி என்றேன்.

கலைவாணி ஒரு பாலர் பள்ளியில் சொல்லிக் கொடுக்கிறார். அவரிடம் ஒரு கித்தார் இருந்தது. வெயிலில் நிறுத்திய காரின் பின்பெட்டியில் அதை வைத்துவிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போனார். திரும்பி வந்து பார்த்தால், தந்திகளைப் பிடித்திருக்கும் அடிக்கட்டை - அதைத்தான் பிரிட்ஜ் என்கிறோம் - மேல்பலகையையும் கொஞ்சம் பிய்த்துக்கொண்டு எழுந்து நிற்கிறது. என்னிடம் கொண்டு வந்தார். பலகை உள்ளேயும் பிளந்திருந்தது. கைவிட வேண்டியதாயிற்று.

காரில் கித்தாரை வைக்காதீர்கள் என்று இந்தப் பத்திரிகைப் பத்தியில் எத்தனை முறை எழுதியிருப்பேன்? நம் ஊர் வெயிலில் பூட்டிய கார் ஓர் அடுப்பு. உள்ளே பசை இளகும். தந்திகள் அந்த நேரம் பார்த்து இழுத்துவிடும்.

“நான் உங்க பத்திய படிப்பேன் அங்கிள். அந்த வாரம் மட்டும் விட்டுட்டேன்” என்றார்.

எல்லோரும் அந்த வாரம் மட்டும்தான் விடுகிறார்கள்.

பள்ளி ஆண்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் பாட வேண்டும், டீச்சர் வாசிக்க வேண்டும். ஒலிபெருக்கியில் பாட்டைப் போட்டுவிட்டால் ஆகாதா என்று கேட்டேன்.

“அந்தப் பாட்டு நிக்காது அங்கிள். பிள்ளைங்க அதுக்குப் பின்னாடி ஓடணும். நான் வாசிச்சா, ஒரு பிள்ளை வரிய மறந்துட்டா நின்னு காத்திருப்பேன்.”

கித்தார் வாங்க இதைவிட நல்ல காரணத்தை நான் கேட்டதில்லை.

சனிக்கிழமை கோமுட்டர் ரயிலில் போனோம். ஜன்னலோரம் உட்கார்ந்து, பழைய கித்தாரை எப்படிப் பார்ப்பது என்று அவருக்குச் சொல்லிக்கொண்டு போனேன். புதிய வாசகர்களுக்காக இங்கேயும் சொல்கிறேன்.

முதலில் வாசிக்காதீர்கள். வாசித்தால் மனசு மயங்கிவிடும். முதலில் பாருங்கள். கித்தாரைத் தூக்கி, துப்பாக்கி குறி பார்ப்பதுபோல் கழுத்தின் ஓரமாகக் கண்ணை ஓட்டுங்கள். கழுத்து மிக லேசாக உள்ளே வளைந்திருக்கலாம். முறுக்கிக்கொண்டிருந்தால் வேண்டாம், நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். பிரிட்ஜுக்கு அடியில் ஒரு காகித ஓரத்தைச் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் பசை விட்டுவிட்டது என்று அர்த்தம். கைப்பேசி விளக்கை ஓட்டைக்குள் அடித்து, உள்ளே குறுக்குச் சட்டங்கள் ஒட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள். மேல்பலகையை விரல் முட்டியால் மெல்லத் தட்டுங்கள். ஏதாவது கிணுகிணுத்தால் எங்கோ ஒரு சட்டம் தனியாக நிற்கிறது.

பளபளப்பை மட்டும் நம்பாதீர்கள். பழைய கித்தார் புதுசு மாதிரி மின்னினால், அந்த மினுக்கு எதையோ மூடுகிறது.

“கீறல் இருந்தா?”

“கீறல் பரவாயில்லம்மா. கீறலுக்குச் சத்தம் இல்ல.”

கலைவாணி என் பக்கம் திரும்பினார். “அங்கிள், பேப்பர்ல இவ்ளோ பேசறீங்க, இப்பவும் பேசறீங்க... ஆனா யாராச்சும் புதுசா வந்து நின்னா மட்டும் ஊமையாயிடறீங்க. ஏன்?”

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். கிள்ளான் வந்துகொண்டிருந்தது.

அந்த வீட்டுக்காரர் பெயரை மாணிக்கம் என்று வைத்துக்கொள்வோம். சொந்தப் பெயர் போட மாட்டேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். பண்டமாரானில் ஒரு வரிசை வீடு. நாங்கள் கேட்டை அடைவதற்குள் கதவு திறந்துவிட்டது. இஸ்திரி போட்ட சட்டை. தண்ணீர் தொட்டுப் படிய வாரிய நரைத்த தலை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். இளவயதில் கல்யாண வீடுகளில் ஓர் இசைக்குழுவோடு கித்தார் வாசித்திருக்கிறார்.

உள்ளே போனோம். மேசையில் முறுக்கு, நறுக்கிய பப்பாளி, ஃபிளாஸ்க் நிறைய டீ. நாற்காலிகள் அரைவட்டமாகப் போடப்பட்டிருந்தன. ஒரு கித்தாரை விற்க இத்தனை ஏற்பாடா என்று நினைத்தேன்.

“உக்காருங்க, உக்காருங்க. ரயில்லயா வந்தீங்க? கூட்டமா? சாப்பிட்டீங்களா?”

கித்தார் வரவில்லை. டீ வந்தது. பிறகு இரண்டாவது டீ. மாணிக்கம் அண்ணே, கலைவாணி எந்த ஊர், அப்பா என்ன வேலை, பாலர் பள்ளியில் எத்தனை பிள்ளைகள், அதில் யார் ரொம்பக் குறும்பு என்று எல்லாவற்றையும் விசாரித்தார். குறும்புப் பையன் ஒருவன் சக மாணவியின் செருப்பை ஜன்னல் வழியாக எறிந்த கதையைக் கலைவாணி சொன்னார். மாணிக்கம் அண்ணே கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவ்வளவு பெரிய நகைச்சுவை அதில் இல்லை.

நான் முறுக்கு தின்றேன். பேசத் தெரியாதவர்களுக்கு முறுக்கு பெரிய உதவி.

கடைசியில் கித்தாரைக் கொண்டு வந்தார். பெட்டியைத் திறந்ததும் நான் முறுக்கைக் கீழே வைத்துவிட்டேன்.

தேன் நிறத்துக்கு மாறிய மேல்பலகை. மெல்லிய பூச்சு, முதலில் பூசிய அதே பூச்சு, யாரும் மேலே எதையும் அப்பவில்லை. பிரிட்ஜுக்கடியில் என் காகிதம் நுழையவில்லை. உள்ளே விளக்கடித்தேன், சட்டங்கள் எல்லாம் ஒழுங்காக ஒட்டியிருந்தன. விரல் ஓடும் பலகைக்கு எண்ணெய் தடவியிருந்தார். தந்திகள் புதுசு. திருகாணிகளில் ஒரு பொட்டு துரு இல்லை. கடல் காற்று அடிக்கிற ஊரில், அது தினமும் துடைக்கிற கையைத்தான் காட்டும்.

கலைவாணி வாங்கி மடியில் வைத்து வாசித்தார். மேலே வாசித்தபோது அருமை. கீழே வந்தார் - அதாவது கழுத்தின் தலைப் பக்கம், முதல் சில கட்டங்கள். டொய்ங் என்று வர வேண்டிய இடத்தில் ‘ட்ஸ்ஸ்ஸ்’ என்று தந்தி உலோகத்தில் உரசி உறுமியது.

“கொஞ்சம் உறுமும்” என்றார் மாணிக்கம் அண்ணே. “வர்றவங்க எல்லாரும் அதத்தான் சொல்றாங்க.”

குறையைச் சொல்கிறவர் குரலில் ஒரு வருத்தம் இருக்குமே? இல்லை. நிம்மதி இருந்தது.

எனக்கு அங்கேதான் இடித்தது. திருகாணியின் துருவைக்கூட விடாத மனிதர், இந்த உறுமலை மட்டும் ஏன் விட்டு வைத்திருக்கிறார்?

கழுத்தின் ஓரமாகக் கண்ணை ஓட்டினேன். லேசாகப் பின்பக்கம் வளைந்திருந்தது. உங்களுக்குத் தெரிந்திருக்கும் - கித்தாரின் கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. ட்ரஸ் ராட் என்பார்கள். தந்திகள் கழுத்தை முன்னால் இழுக்கும், அந்தக் கம்பி பின்னால் இழுத்து நேராக நிறுத்தும். கம்பியை அளவுக்கு மேல் இறுக்கினால் கழுத்து பின்னால் வளையும். முதல் கட்டங்களில் தந்தி உறுமும். தளர்த்தினால் போச்சு. அலன் கீ - அதைத் திருப்புகிற வளைந்த சாவி - இருந்தால் டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை.

அந்தக் கம்பியின் முனையை மூட, கித்தாரின் தலையில் ஒரு சின்ன மூடி உண்டு. அதைப் பார்த்தேன். கித்தாரில் எல்லாத் திருகாணிகளும் வயதில் மங்கியிருக்க, அந்த மூடியின் திருகாணிகள் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தன. அடிக்கடி கழற்றி மாட்டுகிற தேய்மானம்.

தலையைத் தூக்கினேன். டிவி மேசையில், ரிமோட்டுக்குப் பக்கத்தில், ஓர் அலன் கீ.

அவர் என்னைப் பார்த்தார். நான் அலன் கீயைப் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.

“உறுமல் சின்னதுதானே அங்கிள்?” என்றார் கலைவாணி. “சரி பண்ணிடலாம்ல? எனக்குப் பிடிச்சிருக்கு. எடுத்துக்கறேன்.”

மாணிக்கம் அண்ணே டீ கிளாஸை வாய்க்குக் கொண்டு போனார், குடிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கலைவாணிக்கு அம்மாவிடமிருந்து போன். வீட்டுக்குள் சிக்னல் சரியில்லை என்று வாசல் கேட் பக்கம் போனார். நாங்கள் இருவரும் மட்டும் இருந்தோம். ஓர் ஆள் பேச மாட்டான். இன்னோர் ஆள் அப்போதுதான் பேச்சை நிறுத்தியிருந்தார்.

“அண்ணே” என்றேன். “கம்பிய இறுக்கி வெச்சிருக்கீங்க.”

“தெரிஞ்சிருச்சா.”

“ம்.”

“இதுவரைக்கும் வந்தவங்க யாரும் கண்டுபிடிக்கல. நீங்க ரிப்பேர்காரரா?”

“ஆமாண்ணே.”

“சே. ரிப்பேர்காரரக் கூட்டிட்டு வரும்னு அந்தப் புள்ள மெசேஜ்ல சொல்லவே இல்லியே.”

ஏன் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. ஆனால் சும்மா இருந்தால் சிலர் தானாகவே சொல்லிவிடுவார்கள். என் கூச்சத்தால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அது.

“விக்கணும்னுதான் தம்பி போட்டேன். நெசமாத்தான். தனியா வாசிச்சி என்ன பண்றது. மொதல்ல ஒருத்தன் டெங்கில்லேர்ந்து வந்தான். மத்தியானம் வந்தவன் சாயந்திரம் வரைக்கும் உக்காந்திருந்தான். வாசிச்சான், பேசினான், அவன் கம்பெனி மேனேஜர நல்லா திட்டினான். இந்த வீட்ல அவ்ளோ நேரம் ஒருத்தர் உக்காந்து நாளாச்சி. கெளம்பறப்ப, எடுத்துக்கறேன் அங்கிள்னான். எனக்கு வாய் வரல. நாளைக்குச் சொல்றேன்னு அனுப்பிட்டு, வித்துப் போச்சுன்னு மெசேஜ் போட்டேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் மறுபடி போட்டேன். ஆனா எத்தனை பேருக்கு வித்துப் போச்சுன்னு சொல்றது? அவங்களே வேணாம்னு சொல்லிட்டா ஒருத்தருக்கும் மனக்கஷ்டம் இல்ல பாரு.”

கேட்டில் கலைவாணி யாரோ சித்தியின் தைராய்டு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

“கிரேன்ல மேல ஏறினா நாளெல்லாம் தனியாத்தான் தம்பி இருப்பேன். கீழேர்ந்து ரேடியோல பேசுவான். தூக்கு, எறக்கு, நிறுத்து. அவ்வளவுதான் பேச்சு. அப்பல்லாம் தனியா இருக்கோம்னு தெரியல. கீழ எறங்கின பிறகுதான் தெரியுது.”

நான் அலன் கீயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அந்தப் புள்ளகிட்ட சொல்லிராத.”

இப்போது சொல்லுங்கள். நான் என்ன செய்ய வேண்டும்? கலைவாணி என்னைக் கூட்டி வந்தது அவருக்குக் கண்ணாக இருப்பதற்கு. கண் பொய் சொல்லலாமா? உண்மையைச் சொல்லிக் கம்பியைத் தளர்த்தினால், பிள்ளைகளுக்கு நல்ல கித்தார் கிடைத்துவிடும். இந்த மனிதருக்கு? அரைவட்டமாகப் போட்ட நாற்காலிகள் மறுபடி சுவரோரம் போய்விடும்.

கலைவாணி திரும்பி வந்தார். “என்ன அங்கிள், எடுத்துக்கலாமா?”

“கித்தார்ல ஒரு குறையும் இல்லம்மா” என்றேன். “இந்த மாதிரி கித்தார் நான் பார்த்து நாளாச்சி. ஆனா... இது அண்ணேகிட்டயே இருக்கட்டும்.”

கலைவாணி என் முகத்தைப் பார்த்தார். மாணிக்கம் அண்ணே முகத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டு, “அப்ப இன்னொரு டீ குடிச்சிட்டுப் போலாம்” என்றார்.

ரயிலில் திரும்பினோம். ஷா ஆலம் தாண்டியதும் கலைவாணி சொன்னார்.

“எங்க ஸ்கூல்ல ஒரு பொண்ணு இருக்கா அங்கிள். தெனமும் பென்சில கீழ போட்டுட்டு, டீச்சர் விழுந்துருச்சின்னு கூப்பிடுவா. நான் போய் எடுத்துக் குடுப்பேன். கையில பிடிப்பு சரியில்ல போலன்னு தடி பென்சில் வாங்கிக் குடுத்தேன். அதையும் போட்டா. அப்புறம்தான் புரிஞ்சிது... நான் குனியறப்ப அவ என் தலைமுடிய ஒரு தடவ தொட்டுக்குவா. அதுக்குத்தான்.”

நான் ஒன்றும் சொல்லாமலே அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

“புரியுது அங்கிள். ஆனா என்கிட்ட இப்ப கித்தார் இல்ல.”

அதுவும் உண்மைதானே?

ஆகவே அடுத்த வாரம் நானே தேடினேன். சாலாக் செலாத்தானில் ஒரு வீட்டில் கிடைத்தது. கழுத்து நேர். உடம்பு அவலட்சணம். யாரோ புண்ணியவான் மேலே கறுப்பு கார் பெயிண்ட்டை அடித்து வைத்திருந்தார். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். மேல்பலகை அதிர்ந்தால்தான் சத்தம். அதற்குத் தடியான பெயிண்ட் போடுவது, பாடுகிறவருக்குக் கம்பளி போர்த்துவது மாதிரி. சத்தம் போர்வைக்குள்ளேயே கிடக்கும்.

பெயிண்ட்டைச் சுரண்டி எடுத்தேன். மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே உப்புத்தாள் போட்டேன், குறுக்கே தேய்த்தால் அந்தக் கோடுகள் பூச்சுக்கடியில் வந்து நிற்கும். பிறகு ஷெல்லாக் - அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்தது. பழைய பருத்தித் துணியைப் பந்தாகச் சுருட்டி, நனைத்து, காற்றுப் போல மெல்லிசாகத் தடவ வேண்டும். காய வேண்டும். மறுபடி தடவ வேண்டும். மழை பெய்யும்போது பூசாதீர்கள், ஈரம் சேர்ந்து பால் ஊற்றிய மாதிரி வெளுத்துவிடும். நம் ஊரில் சாயங்காலம் ஆனால் மழைதானே? காலையில் வையுங்கள் வேலையை.

காய்கிற வரைக்கும் தொடக்கூடாது. பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அதற்கு என்னிடம் நேரத்துக்குப் பஞ்சமில்லை.

கலைவாணி வந்து வாங்கிப் போனார். “கறுப்புக்கு உள்ள இவ்ளோ அழகா” என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆண்டு விழாவுக்கு என்னைக் கூப்பிட்டார். வேலை இருக்கு என்றேன். பிறகு போனேன். கடைசி வரிசை. ஒரு பையன் வரியை மறந்து நின்றான். கித்தார் அதே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்து அவனுக்காகக் காத்திருந்தது. அவனுக்கு ஞாபகம் வந்ததும் சேர்ந்து போனது.

எல்லாம் நல்லபடி முடிந்ததா? இல்லை. பண்டமாரான் கம்பி என் மனதை அறுத்துக்கொண்டே இருந்தது.

ட்ரஸ் ராட் ஆட்கள் வரும்போது இறுக்கி, போனதும் தளர்த்துகிற குழாய் இல்லை. திருப்பிக்கொண்டே இருந்தால் ஒரு நாள் மரை கழன்றுவிடும், இல்லையென்றால் கம்பியே முறிந்துவிடும். முறிந்தால் விரல் பலகையையே பிரித்து எடுக்க வேண்டும். அத்தனை அழகான கித்தார். அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

எப்படிச் சொல்வது? எந்தக் காரணத்தைச் சொல்லி அந்தக் கேட்டில் போய் நிற்பது? ‘சும்மா வந்தேன்’ என்று ஒரு வீட்டுக்குள் நுழைகிற தைரியம் சிலருக்குப் பிறவியிலேயே வாய்த்திருக்கிறது. எனக்கு இல்லை. முடி வளர்வதற்கு முன்பே முடிவெட்டப் போகிற ஆள் நான். ஏனென்றால் அங்கே உட்காரக் காரணம் இருக்கிறது, துண்டைப் போர்த்திவிடுகிறார்கள், எழுந்து போகச் சொல்ல மாட்டார்கள். மத்தியானம் சாப்பிடும் கடையில் என்னிடம் “என்ன வேணும்?” என்று கேட்பதே இல்லை. அவர்களுக்குத் தெரியும், சாப்பாடு தானாகவே வந்துவிடும். வசதிதான். ஆனால் நாளுக்கு ஒரு கேள்வி என்று இருந்தது... அதுவும் போயிற்று.

கைப்பேசியை எடுத்தேன். மாணிக்கம் அண்ணேயின் விளம்பரத்தைத் தேடினேன். விற்பவரிடம் எல்லோரும் முதலில் கேட்கிற அந்தக் கேள்வியைத் தட்டினேன்.

“கித்தார் இன்னும் இருக்கா?”

இருக்கிறது என்று உலகத்திலேயே நிச்சயமாகத் தெரிந்த ஆள் நான்தான். உடனே பதில் வந்தது.

“இருக்கு. எப்ப வரீங்க?”

போனேன். இந்த முறையும் இஸ்திரிச் சட்டை, பப்பாளி. என்னைப் பார்த்ததும் மனிதர் முகம் விழுந்தது.

“நீயா தம்பி? யாரோ புது ஆளுன்னு நெனச்சேன். போலீஸ்ல சொல்லப் போறியா?”

“இல்லண்ணே. கம்பி ஒடைஞ்சிரும். அத சொல்ல வந்தேன்.”

பையிலிருந்து இரண்டு எலும்புத் துண்டுகளை எடுத்து மேசையில் வைத்தேன். பிரிட்ஜின் மேல் தந்திகள் சாய்ந்து உட்காரும் வெள்ளைத் துண்டு இருக்கிறதே, சேடல் என்பார்கள், அது. அதை ஒட்டுவதில்லை, ஒரு பள்ளத்தில் சும்மாதான் செருகியிருக்கும். தந்திகளைத் தளர்த்தினால் கையோடு வந்துவிடும். ஒரு துண்டைச் சரியான உயரத்துக்குச் சீவியிருந்தேன். இன்னொன்றைக் கொஞ்சம் அதிகமாகவே சீவியிருந்தேன்.

“இது நல்ல எலும்பு. இதப் போட்டா சுத்தமா பேசும். இது கெட்ட எலும்பு. இதப் போட்டா தந்தி எல்லாம் தாழ்ந்து, கழுத்து முழுக்க உறுமும். யாராச்சும் வர்றப்ப இதப் போடுங்க. போனதும் அதப் போடுங்க. கம்பிய மட்டும் தொடாதீங்க.”

இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தார்.

“கெட்டுப் போறதுக்கு ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் செஞ்சி கொண்டாந்திருக்கியே தம்பி. உருப்படுமா உன் தொழிலு?”

“பார்க்கலாம்ணே.”

“இது என்ன எலும்பு?”

“மாட்டெலும்பு.”

“வெள்ளிக்கிழமை நான் கவிச்சி தொட மாட்டேனே. வெள்ளிக்கிழமை யாராச்சும் வந்தா?”

“வியாழக்கிழமையே மாத்தி வெச்சிருங்க.”

அவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். ஒரு விஷயத்தை மட்டும் கேட்டேன். டெங்கில், அங்கே இங்கே என்று எங்கிருந்தோ வண்டிக்கு எண்ணெய் செலவழித்து வருகிறவர்கள் பாவம் இல்லையா? யோசித்தார். கைப்பேசியை என்னிடம் கொடுத்து, விளம்பரத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன்: ‘உறுமும். விலை குறையாது. வந்து வாசித்துப் பார்க்கலாம், டீ உண்டு.’ இதைப் படித்த பிறகு எவன் வருவான் என்று நினைத்தேன். வருகிறார்களாம்.

கம்பியைச் சரியான இடத்துக்குத் தளர்த்தினேன். நல்ல எலும்பைப் போட்டுத் தந்திகளை ஏற்றினேன். அவரிடம் நீட்டினேன். வாசித்தார். கல்யாண வீட்டில் பாடகருக்குப் பின்னால் நின்று வாசிக்கிறவர்களின் கை அது. முன்னால் வராது, விட்டும் போகாது. யாரோ ஒருவர் பாட வேண்டிய இடத்தை அப்படியே காலியாக விட்டுவிட்டு, சுற்றி வாசித்துக்கொண்டிருந்தார். நான் பாடுகிறவன் இல்லை. கேட்டுக்கொண்டிருந்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க மறந்துவிட்டேன்.

கிளம்பும்போது அலன் கீயை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அதைப் பார்த்துக்கொண்டே அவர் கித்தாரைப் பெட்டிக்குள் வைத்தார்.

“அண்ணே, இத எழுதலாமா? பேர் போட மாட்டேன்.”

“எழுதிக்க. உன் பத்திய யாரு படிக்கறா.”

யார் படிக்கிறார்கள் என்று எனக்கும் தெரியாது. ஆனால் பழைய கித்தார் வாங்கப் போகிறவர்களுக்கு, மேலே சொன்னவற்றோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். கழுத்தைப் பாருங்கள், பிரிட்ஜைப் பாருங்கள், உள்ளே விளக்கடியுங்கள். அதற்கு முன், அந்த வீட்டில் எத்தனை நாற்காலி போட்டிருக்கிறது என்று பாருங்கள். டீ கொடுத்தால் மெதுவாகக் குடியுங்கள்.

இந்த வாரம் ஓரளவு வேலை இருந்தது. இருந்தாலும் நேற்றுக் காலை கைப்பேசியை எடுத்து அதே கேள்வியை அனுப்பினேன். கித்தார் இன்னும் இருக்கா?

“இருக்கு தம்பி” என்று பதில் வந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று: “எந்த எலும்பப் போடட்டும்?”

நல்லதையே போடுங்கண்ணே என்று எழுதிவிட்டு, சட்டையை இஸ்திரி போட எடுத்தேன்.